வண்டும் மலரும்: உடலின் ஆற்றலில் இயங்கும் மருத்துவக் கருவிகள்

(அறக்கட்டளையின் மகாவீர ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இல்லறத்தார்க்குச் சமண அறநூல்கள் வகுத்த தானங்கள் நான்கு. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்பன அவை. இவற்றுள் மருந்து என்பது ஒரு காலத்தில் வேரும் இலையும் பட்டையுமாக இருந்தது. இன்று அது உடலுக்குள் வைத்துத் தைக்கப்படும் கருவியாகவும் வளர்ந்துள்ளது. இதயம் தளர்ந்தோர்க்கு இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்), செவிப்புலன் இழந்தோர்க்கு உட்செவிக் கருவி, நடுக்குவாதம் உற்றோர்க்கு மூளையில் மின்தூண்டல் தரும் கருவி என இவை பலவாகும். பெரியோர் ஒருவரேனும் இதயமுடுக்கி பொருத்திக்கொண்ட குடும்பங்கள் இன்று ஊர்தோறும் உண்டு. அக்கருவி எதனால் இயங்குகிறது, அதன் மின்கலம் தீர்ந்தால் யாது நேரும், அதற்கு வேண்டிய ஆற்றலை உடலே தர இயலுமா என்னும் மூன்று வினாக்களே இவ்வுரையின் பொருள்.

இதயம் பிறர் ஏவாமல் தானே துடிப்பது. அதன் வலது மேலறையில் அமைந்த சிறு திசு முடிச்சு ஒன்று நிமிடத்துக்கு எழுபது முறை அளவில் மின்துடிப்பை எழுப்ப, அத்துடிப்பு கீழறைகளுக்குப் பரவி இதயத்தைச் சுருங்கச் செய்கிறது. முதுமையாலோ நோயாலோ அம்முடிச்சு தளர்ந்தாலும், துடிப்பு செல்லும் வழி தடைபட்டாலும், இதயம் மெதுவாகிறது. சிலருக்குச் சில நொடிகள் நின்றும் போகிறது. அப்போது மயக்கம் வரும்; உயிருக்கும் இடர் வரும். அவ்விடத்தில் சிறு மின்துடிப்பை வெளியிலிருந்து கொடுத்து இதயத்தை நினைவூட்டுவதே இதயமுடுக்கியின் பணி.

1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், ஓக்கே சென்னிங் என்னும் அறுவை மருத்துவர், ரூனே எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியாளர் செய்தளித்த இதயமுடுக்கியை ஆர்னே லார்சன் என்பாருக்குப் பொருத்தினார். முழுவதும் உடலுக்குள் வைக்கப்பட்ட முதல் இதயமுடுக்கி அதுவே. லார்சனுக்கு அப்போது வயது 43. நாள்தோறும் பலமுறை மயங்கி விழும் நிலையில் கிடந்த கணவரைக் காக்க வேண்டி, அவருடைய மனைவி அவ்விருவரையும் விடாது வற்புறுத்தியதன் பயனாகவே அவசர அவசரமாக அக்கருவி உருவாயிற்று. காலணி மெருகுப் பூச்சு அடைத்து விற்கும் சிறு தகர டப்பியை அச்சாகக் கொண்டு அதன் பிசின் உறை வார்க்கப்பட்டது. முதற்கருவி சில மணி நேரத்தில் ஓய்ந்தது. இரண்டாவது பொருத்தப்பட்டது. பின்னர் அவர் வாழ்நாளில் மொத்தம் 26 இதயமுடுக்கிகள் மாற்றி மாற்றி வைக்கப்பட்டன. தம் உயிரைக் காத்த மருத்துவரும் பொறியாளரும் மறைந்த பின்னும் வாழ்ந்திருந்து, 2001ஆம் ஆண்டு, தம் 86ஆம் வயதில், வேறொரு நோயால் அவர் காலமானார்.

இவ்வரலாற்றில் இரு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, சிறு மின்துடிப்பு ஒருவருக்கு நாற்பத்து மூன்று ஆண்டு வாழ்வைக் கொடுத்தது. மற்றொன்று, அவ்வாழ்வுக்காக அவர் உடல் மீண்டும் மீண்டும் கத்தியின் கீழ்க் கிடந்தது.

கருவியின் குறை பெரிதும் மின்கலத்தின் குறையாகவே இருந்தது. முதற்கருவியின் மின்கலத்தை உடலுக்கு வெளியே கம்பிச்சுருள் வைத்து மின்னேற்ற வேண்டியிருந்தது. 1960இல் அமெரிக்காவில் வில்சன் கிரேட்பேட்ச் என்னும் பொறியாளரின் கருவிகள் பாதரச மின்கலத்தால் இயங்கின. அவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் தீர்ந்தன. நெடுங்காலம் உழைக்கும் ஆற்றலைத் தேடிய மருத்துவ உலகம் 1970இல் பாரிசு நகரில் புளூட்டோனியம் என்னும் கதிரியக்கப் பொருளையே மனித உடலுக்குள் வைத்தது. அது பல்லாண்டு உழைத்தது. எனினும் அக்கருவியை உடையவர் இறந்தால் அதனை மறவாமல் மீட்டெடுத்து ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1972 முதல் லித்தியம் அயோடைடு மின்கலம் வந்த பின்னரே இத்துறை நிலைபெற்றது. இன்றைய இதயமுடுக்கிகள் பொதுவாக ஏழு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை உழைக்கின்றன.

மின்கலம் தீர்ந்தால் அதனை மட்டும் கழற்றி மாற்ற இயலாது. டைட்டானியம் உறையில் நீர் புகாவண்ணம் முற்றும் மூடப்பட்ட கருவி அது. ஆகவே தோலைத் திறந்து கருவி முழுவதையும் மாற்ற வேண்டும். இதயத்துக்குச் செல்லும் கம்பிகள் நன்னிலையில் இருந்தால் அவை மட்டும் எஞ்சும். மாற்று அறுவையில் நோய்த்தொற்று நேரும் வாய்ப்பு முதல் அறுவையைவிட மிகுதி. எழுபதைக் கடந்தவர்க்கு ஒருமுறையோ இருமுறையோ மாற்றினால் போதும். பிறவியிலேயே இதயத் துடிப்புத் தடையோடு பிறந்த குழந்தைக்கு வாழ்நாளில் எத்தனை முறை? இவ்வினாவே ஆராய்ச்சியாளர் பலரை உடலின் பக்கம் திரும்பிப் பார்க்கச் செய்தது.

உடல் ஆற்றலற்ற பொருள் அன்று. அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதரின் உடல் ஏறத்தாழ நூறு வாட் ஆற்றலை இடைவிடாது செலவிடுகிறது. பழைய குண்டு விளக்கு ஒன்று எரிவதற்கு ஒப்பான அளவு அது. இதயம் குருதியைத் தள்ளச் செய்யும் வேலை மட்டும் ஏறத்தாழ ஒரு வாட். இதயமுடுக்கிக்கு வேண்டியதோ பத்து மைக்ரோவாட் அளவே. மைக்ரோவாட் என்பது ஒரு வாட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அஃதாவது, இதயம் செய்யும் வேலையில் இலட்சத்தில் ஒரு பங்கு கிடைத்தால் இதயமுடுக்கி இயங்கிவிடும்.

இக்கணக்கை வேறு வகையாகவும் கூறலாம். இதயம் ஒருமுறை துடிக்கச் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு ஜூல். நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் ஆற்றல் அது. இதயமுடுக்கி ஒரு முழுநாள் உழைக்க வேண்டிய ஆற்றலும் ஏறத்தாழ அதே ஒரு ஜூல்தான். ஒரு நாளில் இதயம் இலட்சம் முறை துடிக்கிறது. அவற்றுள் ஒரே ஒரு துடிப்பின் ஆற்றல், சேதாரம் இன்றிக் கிடைக்குமாயின், அந்நாள் முழுவதற்கும் கருவிக்குப் போதும்.

சமணத் துறவோர் உணவு ஏற்கும் முறையைப் பிரமரி விருத்தி என்று கூறுதல் இவ்வவையோர் அறிந்ததே. வண்டு மலரில் அமர்ந்து சிறிது தேனை எடுக்கிறது, மலர் வாடுவதில்லை. அவ்வாறே, கொடுப்பவர்க்குச் சுமையாகாத அளவில் முனிவர் உணவு ஏற்பர். எடுத்தல் தவறன்று; எடுக்கப்படுவதற்கு ஊறு நேராத அளவே அறத்தின் எல்லை. உடலின் ஆற்றலில் கருவிகளை இயக்க முயலும் பொறியாளர்க்கும் இதுவே அளவுகோலாக அமைந்துள்ளது. இதயத்தின் வேலையைத் தடுத்துத்தான் ஆற்றல் எடுக்க முடியுமெனில், அக்கருவி நோயாளிக்குத் துணையாகாது; இன்னொரு நோயாகும்.

இம்முயற்சிகளுள் சிலவற்றை நோக்கலாம்.

முதலாவது இயக்கத்திலிருந்து மின்சாரம் எடுத்தல். சாவி கொடுக்க வேண்டாத கைக்கடிகாரத்தைப் பலரும் அறிவர். கை அசையும்போது உள்ளிருக்கும் சிறு எடை சுழன்று வில்லை முறுக்கும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள் அக்கடிகார இயந்திரத்தையே தேவையற்ற பகுதிகளைக் களைந்து இலேசாக்கி, இதயத்தின் மேற்பரப்பில் தைத்தனர். இதயத்தின் அசைவே அதற்குச் சாவியாயிற்று. 2014இல், மின்கலம் இல்லாத இதயமுடுக்கி ஒன்று இம்முறையில் பன்றியின் இதயத்தைத் துடிக்கச் செய்ததாக அவர்கள் அறிவித்தனர்.

சில படிகங்களை அழுத்தினாலோ வளைத்தாலோ மின்னழுத்தம் தோன்றும். இதனை 1880இல் பியேர் கியூரியும் அவர் தமையனார் ழாக் கியூரியும் கண்டறிந்தனர். அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரில் பொறி எழுவது இப்பண்பினால்தான். 2014இல் அமெரிக்காவில் துருக்கி நாட்டு அறிவியலாளரான ஜானான் தாதெவிரன் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இத்தகைய படிகத்தை முடியினும் மெல்லிய நாடாக்களாக்கி, நெகிழும் தாளில் பதித்து, மாடு, செம்மறியாடு ஆகியவற்றின் இதயத்திலும் நுரையீரலிலும் உதரவிதானத்திலும் ஒட்டிச் சோதித்தனர். உறுப்பு அசையுந்தோறும் நாடா வளைந்து மின்சாரம் தந்தது. உறுப்போடு ஒட்டி வளையும் மென்மை உடையதாகையால் அது உறுப்பின் அசைவைத் தடுக்கவில்லை. 2019இல் சீன ஆய்வாளர்கள், இரு பரப்புகள் தொட்டு விலகும்போது தோன்றும் மின்னூட்டத்தைக் கொண்டு, பன்றியின் இதயத் துடிப்பாலேயே இயங்கும் இதயமுடுக்கியைச் செய்து காட்டினர்.

இரண்டாவது முறை குருதியில் உள்ள சர்க்கரையிலிருந்து மின்சாரம் எடுத்தல். உடலின் உயிரணுக்கள் குளுக்கோசையும் உயிர்வளியையும் சேர்த்தே ஆற்றல் பெறுகின்றன. அதே வேதிவினையைக் கருவிக்குள் நிகழ்த்தினால் மின்னோட்டம் கிடைக்கும். 2010இல் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் நொதிகளைக் கொண்டு செய்த சர்க்கரை மின்கலம் உயிருள்ள எலியின் உடலில் வைக்கப்பட்டு, 6.5 மைக்ரோவாட் வரை தந்தது. இதயமுடுக்கிக்கு வேண்டிய அளவை அது நெருங்கியது. ஆயினும் நொதி என்பது நாளடைவில் சிதையும் பொருள். பத்தாண்டு உழைக்க வேண்டிய கருவிக்கு அது போதாது. இக்குறையை நீக்க, 2012இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் இராகுல் சர்பேஷ்கர் குழுவினர் நொதிக்கு மாற்றாகப் பிளாட்டினத்தைக் கொண்டு சிலிக்கன் சில்லில் சர்க்கரை மின்கலம் அமைத்தனர். மூளையைச் சூழ்ந்துள்ள திரவத்தின் சர்க்கரையில் இயங்கும் கருவி அவர்கள் நோக்கம்.

மூன்றாவது முறை, உடலில் ஏற்கெனவே உள்ள மின்சாரத்தையே எடுத்தல். உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருளுக்குள் இருவேறு திரவங்கள் மெல்லிய சவ்வினால் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றிடையே எப்போதும் ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிவோல்ட் வரை மின்னழுத்த வேறுபாடு நிலவுகிறது. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் வேலைக்கு உடல் காத்துவரும் இயற்கை மின்கலம் அது. 2012இல் பாஸ்டன் நகரில், செவி மருத்துவர் கொன்ஸ்தாந்தினா ஸ்டாங்கோவிச் அம்மையாரும், சென்னையில் பிறந்தவரும் எம்.ஐ.டி. பேராசிரியருமான அனந்த சந்திரகாசனும் அவர்தம் குழுவினரும் கினிப்பன்றியின் உட்செவியில் நுண்ணிய மின்வாய்களைச் செலுத்தி, அம்மின்சாரத்தைக் கொண்டு சிறு வானொலி அனுப்பியை ஐந்து மணி நேரம் வரை இயக்கினர். எடுத்த ஆற்றல் ஏறத்தாழ ஒரு நானோவாட், அஃதாவது இதயமுடுக்கியின் தேவையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. அதனினும் மிகுதியாக எடுத்தால் கேட்கும் திறன் கெடும். அவ்வளவில் நின்றதால், கருவி இயங்கியபோதும் அவ்வுயிர்களின் செவிப்புலன் கெடவில்லை என்று சோதனைகள் காட்டின. வண்டும் மலரும் என்னும் உவமைக்கு இதனினும் பொருத்தமான சான்று காண்பது அரிது.

இவ்வளவு இருந்தும் மருத்துவமனைகளில் இன்று பொருத்தப்படுபவை மின்கலத்தால் இயங்கும் இதயமுடுக்கிகளே. காரணங்கள் உள. இதயம் நின்றுபோகும் கணத்தில்தான் இதயமுடுக்கி தேவைப்படுகிறது. இதயத்தின் அசைவால் இயங்கும் கருவிக்கு அக்கணத்தில்தான் ஆற்றல் வரவு இல்லை. எனவே முன்னரே ஆற்றலைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கியோ சிறு மின்கலமோ வேண்டும். அடுத்து, கருவி நாற்பது கோடி முறை வளைந்தும் உடையாதிருக்க வேண்டும். பத்தாண்டுக்கு மேல் இதயம் துடிக்கும் எண்ணிக்கை அது. மேலும், எல்லாக் கருவிக்கும் இம்முறை உதவாது. இதயத்தின் தாறுமாறான துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் கருவி ஒருமுறை செயற்பட முப்பது ஜூல் அளவு ஆற்றலைச் சில நொடிகளில் திரட்ட வேண்டும். இலட்சத்தில் ஒரு பங்கு எடுக்கும் வண்டினால் அத்தேவை நிறைவேறாது.

ஆதலின் குடும்பத்தார் அறிய வேண்டுவன இரண்டு. புதிய கருவி வரும் என எண்ணி, மருத்துவர் குறித்த காலத்தில் செய்ய வேண்டிய மாற்று அறுவையைத் தள்ளிப்போடலாகாது. மின்கலம் தீரும் காலத்தைக் கருவியே முன்னதாகக் காட்டும். உரிய காலப் பரிசோதனைக்குத் தவறாது செல்லுதலே வேண்டும். அடுத்து, இதயமுடுக்கி உடையவர் காலமானால், எரியூட்டும் முன் மருத்துவப் பணியாளரைக் கொண்டு கருவியை அகற்ற வேண்டும். மூடிய மின்கலம் தீயில் வெடிக்கும். அருகில் நிற்போர்க்கும் எரிமேடைக்கும் கேடு விளையும். துயர வேளையில் இதனை நினைவிற்கொள்ள ஒருவரேனும் குடும்பத்தில் இருத்தல் நலம்.

இனிக் கூற வேண்டியது கடினமான ஒன்று. இதுவரை சொன்ன வரலாற்றில் வந்த உயிர்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பன்றி, மாடு, செம்மறியாடு, எலி, கினிப்பன்றி. அனைத்தும் ஐயறிவு உயிர்கள். மனிதரைப் போலவே வலி அறிபவை. இத்தகைய அறுவைச் சோதனைகளின் முடிவில் அவை பெரும்பாலும் மயக்க நிலையிலேயே உயிர்விடச் செய்யப்படுகின்றன.

சமணர் கள்ளையும் ஊனையும் விலக்கியதோடு தேனையும் விலக்கினர். வண்டு மலரிடம் எடுத்தது ஊறற்ற எடுத்தல். மனிதர் கூட்டினை அழித்துத் தேனைக் கவர்வது உயிர்க்கொலை. எடுக்கும் பொருள் ஒன்றே. எடுக்கும் முறையில்தான் அறமும் மறமும் பிரிகின்றன. உடலின் ஆற்றலில் ஒரு துளி எடுக்கும் கருவி வண்டினைப் போன்றது. அக்கருவியை உருவாக்கும் வழியோ தேன்கூட்டினை அழிப்பதை ஒத்துள்ளது. இம்முரணை மறைத்துவிட்டு அறிவியலைப் புகழ்வது சமண அவைக்கு அழகாகாது.

இல்லறத்தாரின் ஊறுகளைச் சமண நூல்கள் நான்காகப் பகுத்தன. வீட்டு வினையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, எண்ணித் துணிந்து செய்வது என்பன அவை. முதல் மூன்றையும் இல்லறத்தார் இயன்றவரை குறைக்க வேண்டும். நான்காவதை முற்றும் விலக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் விலங்கு இறப்பது முன்பே அறிந்து செய்யப்படும் செயல். ஆதலின் அதனைத் தவறி நேர்ந்த ஊறு என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அதே வேளையில், மயங்கி விழும் தந்தைக்கு இதயமுடுக்கி வேண்டாம் என்று எந்த மகனும் சொல்லத் துணியான்; சொல்லவும் வேண்டா. உயிரைக் காத்தலும் அறமே.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழியை அறிவியலாளரே காட்டியுள்ளனர். 1959இல் வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர் இருவர், விலங்குச் சோதனைக்கு மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்கின்றிச் செய்யத்தக்கதை விலங்கின்றியே செய்தல், இயலாதவிடத்து எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைத் தணித்தல். இந்தியாவிலும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி இச்சோதனைகளைக் கண்காணிக்கக் குழு உள்ளது. இன்று இதயத்தின் அசைவைக் கணினியில் வரைந்து கணக்கிடவும், இதயம்போல் துடிக்கும் பொறியின்மேல் கருவியை ஒட்டிச் சோதிக்கவும், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த இதயத் தசையில் ஆராயவும் வழிகள் பெருகி வருகின்றன. விலங்குச் சோதனை இன்னும் முற்றும் நீங்கவில்லை. ஆயினும் அதன் தேவை சுருங்கும் திசை இதுவே.

சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பொறியியலும் மருத்துவமும் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவரேனும் இத்துறையில் புகுந்து, ஓர் உயிரைக் காக்கும் கருவியைப் பிற உயிரை வதைக்காமல் செய்யும் வழியைத் தம் வாழ்நாள் பணியாகக் கொள்வாராயின், அது மருந்துத் தானமும் அடைக்கலத் தானமும் ஒருங்கே ஆகும். கல்வி உதவி வழங்கும் அறக்கட்டளைகள் இத்தகைய படிப்புக்கு முன்னுரிமை அளிப்பது பற்றி எண்ணுதல் தகும். இதயமுடுக்கியால் உயிர் நீடிக்கப்பெற்ற குடும்பம் அந்நிதிக்குத் தன்னால் இயன்றதை ஈந்தால், பெயரறியா உயிர்களுக்குப் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீரும்.

உடலின் ஆற்றலாலேயே இயங்கும் கருவி ஒரு நாள் வரும். அன்று மின்கலம் தீரும் அச்சம் இராது. மீண்டும் மீண்டும் கத்தி படும் துன்பம் இராது. உடல் உள்ளவரை கருவியும் உழைக்கும்; உடல் அடங்குகையில் அதுவும் உடன் அடங்கும். அந்நாள் வரும்போது, அக்கருவி இதயத்திடமிருந்து எத்துணைச் சிறிது எடுக்கிறது என்று வியப்பதோடு, அதனை ஆக்குதற்கு உலகின் பிற உயிர்களிடமிருந்து எத்துணை எடுக்கப்பட்டது என்றும் ஒருவர் கேட்பாராயின், அவ்வினாவே சமணம் மருத்துவத்துக்கு அளிக்கும் கொடையாகும்.

அருகன் அறம் ஓங்குக! உயிர்கள் யாவும் ஊறின்றி வாழ்க!